பெயர் போனது, பேச்சு நின்றது!



நம்ம லேப் அலமாரியில் பழைய 50 பின் ரிப்பன் கேபிள் ஒன்று கிடந்தது. 'ஸ்கஸி கேபிள்ப்பா' என்றார் சார். அந்தப் பெயரைத் தேடிப் போன எனக்கு ஒரு மனிதரின் கதை கிடைத்தது.

ஆலன் ஷுகார்ட், 1930-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 1951-ல் பட்டம் வாங்கிய கையோடு ஐ.பி.எம்.மில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார். 1973-ல் தன் பெயரிலேயே ஷுகார்ட் அசோசியேட்ஸ் தொடங்கினார். அடுத்த ஆண்டே வெளியேற வேண்டியதாயிற்று. மீன்பிடி படகு வாங்கிக் கடலுக்குப் போனார்.

அவர் இல்லாத அந்தக் கம்பெனி, 1970-களின் கடைசியில் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க 'ஸாஸி' முறையை உருவாக்கியது. எத்தனையாவது பிளாக் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டால் போதும். தேடுவது டிஸ்க் பக்கத்து வேலை. 'ஸாஸி'யின் முதல் எழுத்து ஷுகார்ட். அது 'ஸ்கஸி' என்ற பெயரில் 1986-ல் பொதுத் தரமானது; அந்த எழுத்து 'ஸ்மால்' ஆகிவிட்டிருந்தது. அங்கேயும் பெயர் போச்சு!

மனிதர் சோர்ந்தாரா? 1979-லேயே ஷுகார்ட் டெக்னாலஜியைத் தொடங்கியிருந்தார். பழைய கம்பெனியின் பெயரோடு மோதியதால் அதையும் மாற்றினார். அதுதான் சீகேட்! 1980-ல் 5 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் தந்தது. 1998-ல் அங்கிருந்தும் அனுப்பப்பட்டார், 2006-ல் மறைந்தார்.

நம் பாக்கெட்டில் இருக்கும் பென் டிரைவ் இன்றும் ஸ்கஸி கட்டளைகளில்தான் பேசுகிறது.

இரண்டு இன்டர்வியூவில் தோற்று வந்தவன் நான். மூன்றாவதுக்குக் கிளம்பிட்டேன். நீங்களும் வாங்க!