பாவம் வேறு, குற்றம் வேறு: யார் இந்த மைக்கேல் ராம்சே?

சட்டப்பிரிவு 377 உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1860-ல் பிரிட்டிஷ் ஆட்சி நம் தலையில் கட்டிய சட்டம். அதே பிரிட்டனில், தன்பாலின ஈர்ப்பாளர்களை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாதுன்னு பேசிய மதத் தலைவர் ஒருவர் இருந்தார், தெரியுமா?

1904-ல் கேம்பிரிட்ஜில் பிறந்த மைக்கேல் ராம்சே, இறையியல் பேராசிரியர். 1961-ல் கேன்டர்பரியின் 100-வது பேராயர் ஆனார். இங்கிலாந்து திருச்சபையின் குருமார்களுக்கு அதற்கு மேல் பதவி கிடையாது.

அப்போது அங்கே இரண்டு ஆண்கள் மனமொத்து உறவுகொண்டாலும் குற்றம்தான். அதை மாற்றலாம் என வுல்ஃபென்டன் குழு 1957-லேயே சொல்லியும், அரசு இழுத்தடித்தது. 1965-ல் பிரபுக்கள் சபைக்கு மசோதா வந்தபோது ராம்சே ஆதரித்துப் பேசினார். 1967-ல் சட்டம் மாறியது. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும்; 21 வயது நிரம்பியவர்களுக்கு, தனிமையில் மட்டும்.

ராம்சேவைப் புரட்சியாளர்னு நினைச்சுடாதீங்க. தன்பாலின உறவு பாவம் என்றே அவர் நம்பினார். ஆனால் பாவத்தைத் தண்டிப்பது போலீஸின் வேலை இல்லை என்பதில் தெளிவாக இருந்தார்.

1988-ல் அவர் இறந்தார். இந்தியாவில் அந்தத் தெளிவு சட்டமாக 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் மதம் இதை ஏற்காது என யாராவது உங்களிடம் வாதிட்டால், ராம்சேவை நினைச்சுக்கோங்க. அவர் மதமும் ஏற்கவில்லை. அதற்காக யாரையும் சிறையில் தள்ள அவர் சம்மதிக்கவில்லை.