கம்பி ஆலையிலிருந்து வந்த கை



கசஞ்சியன் என்ற பெயரை நாம் எல்லோருமே பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறோம். கசஞ்சியன் வெஸ்டிபுலோபிளாஸ்டி, கசஞ்சியன் பட்டன் என்று படம் போட்டுப் பாகம் குறித்தால் மார்க். நானும் அப்படி மனப்பாடம் பண்ணிப் பாஸ் ஆனவன்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தார், அவரும் நம்மைப் போல ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. இந்த மலருக்குக் கட்டுரை கேட்டதும் அவர் ஞாபகம்தான் முதலில் வந்தது.

வராஸ்தாத் கசஞ்சியன் 1879ல் ஒட்டோமான் ஆட்சியிலிருந்த எர்சின்ஜான் என்ற ஊரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தார். ஆர்மீனியர்களுக்கு ஆபத்து சூழ்ந்த காலம் அது. 1895ல், பதினாறு வயதில், அமெரிக்காவின் வூஸ்டர் நகருக்குப் பிழைக்க வந்து கம்பி ஆலையில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கம்பி, ராத்திரியில் படிப்பு. இப்படி வருஷக்கணக்கில் பாடுபட்டு 1902ல் ஹார்வர்டு பல் மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்தார். 1905ல் பட்டம். கம்பியை வளைத்துப் பழகிய அதே விரல்கள் பிறகு உடைந்த தாடைகளைக் கம்பியால் கட்டின. பட்ட கஷ்டம் வீண் போகலை பாருங்க!

1915ல் முதல் உலகப் போர். ஹார்வர்டு மருத்துவக் குழுவோடு மூன்று மாதத்துக்கு என்று பிரான்ஸ் போனவர், 1919 வரை அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. பதுங்கு குழியிலிருந்து தலையைத் தூக்கியவர்களுக்கு முகத்தில்தான் காயம். தாடை எலும்பு போன இடத்தில் தையல் மட்டும் போட்டால் சதை சுருங்கி முகம் கோணிவிடும். கசஞ்சியன் முதலில் மிச்ச எலும்பை ஸ்பிளிண்ட் போட்டு நிறுத்தினார். வல்கனைட்டில் தாங்கி செய்து உள்ளே வைத்துச் சதைக்கு ஆதாரம் கொடுத்தார். நாம் ப்ராஸ்தோ லேபில் முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலைதான் அங்கே முகம் கொடுத்தது. மூவாயிரம் பேருக்கு மேல் சிகிச்சை. பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விருது கொடுத்துக் கௌரவித்தார்.

என்னைத் தொட்டது இதற்கப்புறம் நடந்ததுதான். இவ்வளவு புகழோடு பாஸ்டன் திரும்பியவர், பல் மருத்துவப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு தான் விரும்பிய அறுவை சிகிச்சைகளைச் செய்ய முடியாது என்று கண்டார். கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. நாற்பது வயதில், தன் மகன் வயதுப் பையன்களோடு, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெஞ்சில் மாணவராக உட்கார்ந்தார். 1921ல் எம்.டி. வாங்கினார். 1941ல் அதே ஹார்வர்டின் முதல் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர் ஆனார்.

எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். 1931ல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டுக்கு, புற்றுநோய்க்காக வெட்டியெடுத்த மேல்தாடைக்குச் செயற்கைத் தாடை சரிசெய்து கொடுத்தார். அது பிராய்டின் வேதனையைத் தீர்க்கவில்லை. மேதைக்கும் கைக்கு எட்டாத கேஸ் உண்டு.

அவர் காலத்தில் இரண்டு படிப்பையும் சேர்த்துத் தரும் ரெசிடென்சி கிடையாது, தனியாளாக நடந்தார். 1971ல் அதே பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வாய் அறுவை சிகிச்சைப் பயிற்சியோடு மருத்துவப் பட்டமும் தரும் திட்டத்தை வால்டர் குரால்னிக் தொடங்கினார். அந்தப் பாதையில் வந்த முன்னாள் மாணவர்கள் இன்று பல துறைகளுக்குத் தலைமை தாங்குகிறார்கள். கசஞ்சியன் 1974ல், தொண்ணூற்றைந்து வயதில், மறைந்தார்.

தம்பி, தங்கைகளே! பல் டாக்டர்தானே என்று யாராவது இளப்பமாகச் சொன்னால் மனசு சுருங்காதீங்க. வாதாடவும் வேண்டாம். இந்த மனுஷரை நினைச்சுக்கிட்டு, தேவைப்பட்டால் எந்த வயசிலும் மறுபடி பெஞ்சில் போய் உட்காருங்க. அதில் வெட்கமே இல்லை.