நுரையோடு போராடிய சந்நியாசியார்

நம் பாப்பிரெட்டிப்பட்டியில் திராட்சை இரசமென்றால் பூசைதான் நினைவுக்கு வரும். பிரான்சு தேசத்தில் ஷாம்பேன் என்று நுரைக்கும் இரசமொன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞ்ஞோன் சந்நியாசியார் என்பார்கள். அது கட்டுக்கதை. அர்ச். ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்த இவர், 1668-ல் ஒவில்லேர் மடத்தின் பண்டசாலைப் பொறுப்பை ஏற்றார். மாரிக் குளிரில் அடங்கிய புளிப்பு, வெயில் வந்ததும் மறுபடி பொங்கிப் புட்டிகளை வெடிக்கச் செய்யும். அந்த நுரையை அடக்கவே அவர் பாடுபட்டார்! நசுங்கின பழங்களை ஒதுக்கி, பல தோட்டத்துப் பழங்களைச் சுவைத்துப் பார்த்துச் சேர்க்கும் பக்குவமே அவருடைய மெய்யான கைத்திறன். 47 வருஷம் இதே ஊழியம். 1715-ல் மரித்து, மடத்துக் கோவிலிலேயே அடக்கமானார். 1936-ல் மொயெட் ஷாந்தோன் கம்பெனியார் தங்கள் உயர்ந்த நுரை இரசத்துக்கு அவர் பெயரையே இட்டு விற்கத் தொடங்கினார்கள்.