முன்னால் நடந்தவர் போன பிறகு...

செஞ்சிக்கு வடமேற்கே இருக்கிறது அவலூர்பேட்டை. அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார்கள். 1714-ம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி, இளம் வயதிலேயே மாண்டவன் தேசிங்கு. அவனுடைய உயிர்த் தோழன் மகபத்கான். கல்யாணக் கோலத்தில் இருந்தவன், நண்பனுக்காக எழுந்து ஓடி வந்து, அதே போரில் உயிரை விட்டான் என்று கதைப்பாட்டு கூறுகிறது.

இருவரும் ஒன்றாகப் போய்விட்டார்கள். ஆனால் ஒருவர் போய், மற்றவர் மட்டும் மிஞ்சினால்? கூடவே வேலை செய்த மூத்தவர் கண்ணை மூடிவிட்டால், இளையவர் என்ன ஆவார்?

அப்படி மிஞ்சி நின்ற ஒருவரின் கதை இது. அவர் பெயர் காமராஜர்.

இரண்டு துருவங்கள்

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி நாடார். அம்மா சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 6-ம் வகுப்போடு படிப்பும் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. கடையில் உட்கார்ந்திருந்தாலும், மனசு என்னவோ சுதந்திரப் போராட்டத்தில்தான் இருந்தது.

சத்தியமூர்த்தி அவருக்கு 16 வயது மூத்தவர். திருமயத்தில் பிறந்தவர். வக்கீல். ஆங்கிலத்திலும் தமிழிலும் மழை போலப் பொழிவார். நாடக மேடையில் வேஷம் கட்டி நடித்தவர். டெல்லி சட்டசபையில் அவர் எழுந்தால், வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வயிற்றில் புளி கரையும்.

காமராஜரோ அதிகம் பேசமாட்டார். நாலு வார்த்தை பேசினாலே பெரிது. ஆனால், எந்த ஊரில் யார் உண்மையான தொண்டர், யார் வாய்ச்சொல் வீரர் என்பது அவருக்கு அத்துப்படி.

ஒருவர் பேசினார். ஒருவர் ஊர் ஊராக நடந்து ஆள் சேர்த்தார். ஜாதி வேறு, படிப்பு வேறு, பழக்கம் வேறு. ஆனாலும், வண்டியின் இரண்டு சக்கரம் போல ஓடினார்கள்.

1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார். காமராஜர் காரியதரிசி. 1940-ல் என்ன நடந்தது தெரியுமா? காமராஜர் தலைவர் ஆனார். சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே காரியதரிசி! நேற்று வரை தம்பியாக இருந்தவருக்குக் கீழே, பெரியவர் முகம் கோணாமல் வேலை பார்த்தார். இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதற்கு முன்பும் அவர் விட்டுக் கொடுத்தவர்தான். 1937 தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக் கொடுத்தார். காங்கிரஸ் ஜெயித்தது. ராஜாஜி மந்திரிசபை அமைத்தார். அதில் சத்தியமூர்த்திக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் காமராஜர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

1942

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. வெள்ளையனே வெளியேறு என்று தீர்மானம் போட்டது. உடனே காந்தி, நேரு முதலிய தலைவர்களைக் கைது செய்தார்கள்.

ரெயிலில் திரும்பிய காமராஜருக்காகச் சென்னையில் போலீஸ் காத்திருந்தது. அவர் அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று சுற்றினார். போராட்டத்தை எப்படி நடத்துவது என்று தொண்டர்களிடம் சொன்னார். பிறகு விருதுநகர் போய்ச் சேர்ந்தார். வேலை முடிந்துவிட்டது, வந்து கைது செய்து கொள்ளலாம் என்று போலீசுக்கு அவரே சொல்லி அனுப்பினார்! ஜெயில் கதவு மூடியது.

சத்தியமூர்த்தியும் கைதானார். அவரை வெகு தூரத்தில் உள்ள அமராவதி ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள். முதுகுத் தண்டில் அடிபட்டு, அவர் உடம்பு அடியோடு தளர்ந்தது. சென்னை பொது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைக்கவில்லை. 1943-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி காலமானார். வயது 55.

சென்னை மேயராக இருந்தபோது, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி ஏரிக்கு வழி செய்தவர் அவர். ஏரி 1944-ல் கட்டி முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அப்போது காமராஜருக்கு வயது 39. அவர் கைதியாக இருந்தார். தோள் கொடுத்துத் தூக்கி வளர்த்தவரின் இறுதி ஊர்வலத்தில் நடக்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வெளியே வந்தவர்

1945 ஜூன் மாதம் விடுதலை. வெளியே வந்தால், முன்னால் நடக்க ஆள் இல்லை. இனி யார் பேசுவது? யார் வழி சொல்வது?

வேறு ஒருவராக இருந்தால், சத்தியமூர்த்தி போலப் பேசிப் பார்த்திருப்பார். அவருடைய நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டிருப்பார். காமராஜர் அப்படிச் செய்யவில்லை. பேச்சு எப்போதும் போல நாலு வார்த்தைதான். ஆனால், ஒருவருக்குப் பின்னால் நிற்கும் வழக்கம் போயிற்று. யார் யாரை முன்னால் நிறுத்தலாம் என்று பார்க்க ஆரம்பித்தார். செஞ்சிக்காரர்களுக்குத் தெரிந்த திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947-ல் முதல்வர் ஆனார். 1949-ல் குமாரசாமி ராஜா முதல்வர் ஆனார். இருவருக்கும் பின்பலம் காமராஜர்தான். தனக்குப் பதவி கேட்கவில்லை.

நாற்காலி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். வேலை செய்ய ஆள் வேண்டும் என்ற எண்ணம் சத்தியமூர்த்தியின் வாழ்வையும் சாவையும் பார்த்ததால் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1954-ல் முதல்வர் பதவி அவரைத் தேடி வந்தது. தலைவர் போட்டியில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். போட்டியில் தோற்ற அவரையே கூப்பிட்டு மந்திரி ஆக்கினார் காமராஜர்! 1937-ல் தன் பெரியவர் வெளியே நின்றது அவர் நெஞ்சில் இருந்திருக்குமோ, என்னவோ.

ஒன்று மட்டும் ஊகம் இல்லை. ஊர் அறிந்தது.

1947 ஆகஸ்டு 15-ந் தேதி நாடெங்கும் கொடி ஏறியது. காமராஜர் முதலில் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய், அங்கே கொடி ஏற்றினார்.

1954 ஏப்ரல் 13-ந் தேதி அவர் முதல்வராகப் பதவி ஏற்றார். கோட்டைக்குப் போவதற்கு முன்பு அதே வீட்டுப் படி ஏறினார். சத்தியமூர்த்தியின் மனைவியை வணங்கினார். பிறகுதான் பதவி ஏற்கப் போனார்.