மல்லர் காஷாபா ஜாதவ்

விடுதலை பெற்ற இந்தியாவிற்கு ஒலிம்பிக் பந்தயத்தில் முதல் தனிநபர் பதக்கம் பெற்றுத் தந்தவர் யார் என்று நம் இளைஞர்களைக் கேட்டால், பெரும்பாலோர் விடையறியாது நிற்பர். 1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மற்போரில் வெண்கலப் பதக்கம் வென்ற காஷாபா தாதாசாகேப் ஜாதவ் என்பவரே அவர். அவர் நம் மாநிலத்தவர் அல்லர். நம் சமூகத்தவரும் அல்லர். நம்மவருள் பந்தாட்டத்தில் புகழ் நாட்டிய பல்வங்கர் பாலு இருக்க, இவரை ஏன் எடுத்தீர் என்று சிலர் வினவக்கூடும். பாலுவின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. ஏழை உழவர் வீட்டுப் பிள்ளை உலக அரங்கை அடைய உடல்வலிமை மட்டும் போதுமா, பின்னால் யார் யார் நிற்க வேண்டும் என்பதைக் காஷாபாவின் வாழ்வைப்போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றை யாம் அறியோம். கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவருக்கு இடம் தந்தது அதனாலேயே.

மராட்டிய நாட்டுச் சதாரா மாவட்டத்தில், கிருஷ்ணை ஆறும் கொய்னை ஆறும் கூடுமிடத்தில் கராடு என்னும் ஊர் உள்ளது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே வாழும் நமக்கு ஆற்றங்கரை மக்களின் வாழ்வு புதிதன்று. கராடுக்கு அணித்தான கோளேசுவர் என்னும் சிற்றூரில் 1926ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் காஷாபா பிறந்தார். ஐந்து ஆண்மக்களுள் இளையவர். தந்தை தாதாசாகேப் நிலத்தில் உழைத்தவர்; தாமும் ஒரு மல்லர். ஐந்து வயதிலேயே மகனை மற்போர்க் களத்தில் இறக்கிவிட்டவர் அத்தந்தையே. முதல் ஆசானும் அவரே. எட்டு வயதில் அவ்வட்டாரத்து மல்லன் ஒருவனை இரண்டே நிமிடங்களில் சிறுவன் வீழ்த்தினான் என்பர். பகலெல்லாம் வயலில் உழைத்த களைப்போடு, மாலையில் மகனுக்குப் பிடி சொல்லிக் கொடுக்க ஒரு தந்தைக்கு எத்துணை அன்பு வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர்.

கராடிலுள்ள திலகர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தார்க்கு மறைவிடம் தந்தும் மடல்கள் கொண்டு சென்றும் அவர் உதவினார். பின்னர்க் கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் சேர்ந்தார்.

கோலாப்பூர் என்றதும் நாம் சற்றே நிற்க வேண்டும். 1902ஆம் ஆண்டிலேயே பிற்பட்ட வகுப்பினர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு ஐம்பது இடம் ஒதுக்கிய சாகு மகாராசரின் நகரம் அது. அவரே அந்நகரில் மல்லர்களையும் போற்றி வளர்த்தார். காஸ்பாக் என்னும் பெரிய மற்போர் அரங்கினையும் எழுப்பினார். அண்ணல் அம்பேத்கர் இளமையில் பயின்ற ஊரோ சதாரா. பாவுராவ் பாட்டீல் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கே உண்டு உறைந்து பயில 1919இல் ரயத் கல்விக் கழகத்தைத் தொடங்கியதும் அதே கராடுப் பகுதியில்தான். ஏழை மாணவனுக்காக ஒரு கல்லூரி முதல்வர் தம் வீட்டையே ஈடு வைக்கும் அளவிற்கு அம்மண் பண்பட்டிருந்ததில் வியப்பில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்குக் கோலாப்பூர் மன்னர் பொருளுதவி செய்தார். எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண்ணில் பொருதுவதே நம் நாட்டு மல்லர் வழக்கம். காஷாபா அறிந்ததும் அம்மண் ஒன்றே. இலண்டனிலோ மெத்தைமேல் பொருத வேண்டும். மண்ணில் கால் ஊன்றும் முறை வேறு, மெத்தையில் வேறு. புள்ளிக் கணக்குகளும் புதியவை. பல்லாண்டு மெத்தையில் பயின்ற அயல்நாட்டாரிடையே 22 வயது இளைஞர், மிகக் குறைந்த எடைப் பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். தோல்வி என்று சோராமல், ஊர் திரும்பியதும் பயிற்சியை முன்னினும் கடுமையாக்கினார். எடையைக் கூட்டி 57 கிலோ பிரிவிற்கு மாறினார்.

அடுத்த ஒலிம்பிக்கிற்குத் தேர்வு நடந்தபோது தமக்கு நீதி கிடைக்கவில்லை எனக் கருதிப் பாட்டியாலா மன்னரிடம் முறையிட்டார். மீண்டும் ஒரு போட்டி வைக்கப்பட்டது. எதிரியை வீழ்த்தித் தம் இடத்தைப் பெற்றார். முறையிடத் துணிந்ததால் கிடைத்த இடம் அது.

இடம் கிடைத்தது, பணம் இல்லை. குடும்பத்தாரும் ஊராரும் வீடு வீடாய்ச் சென்று திரட்டினர். அரசிடம் கேட்டபோது உடனே கை கொடுப்பார் இல்லை. அந்நிலையில் இராசாராம் கல்லூரி முதல்வர் கர்தேகர் தம் வீட்டை அடகு வைத்து ஏழாயிரம் ரூபாய் தந்தார். 1952இல் ஏழாயிரம் ரூபாய் என்பது எளிய தொகையன்று. மாவட்டப் போட்டிக்குத் தேர்வு பெற்ற மாணவன் பேருந்துக் கட்டணத்திற்கு வழியின்றி நின்றதை ஆசிரியப் பணியில் யாம் பலமுறை கண்டுள்ளோம். ஆகவே அம்முதல்வரின் பெயரைப் படிக்கும்தோறும் எமக்கு மெய் சிலிர்க்கிறது.

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, செருமனி நாட்டு வீரர்களை வென்றார். சப்பானின் இஷியிடமும் சோவியத்து நாட்டின் மமத்பெயோவிடமும் தோற்றார். இஷி தங்கமும் மமத்பெயோவ் வெள்ளியும் பெற்றனர். நெடுநேரப் போட்டி ஒன்று முடிந்தவுடன், விதிப்படி உரிய ஓய்வின்றி அடுத்ததற்கு அவர் அழைக்கப்பட்டார் என்றும், அவருக்காக வாதாட இந்திய அலுவலர் எவரும் அங்கே இல்லை என்றும் கூறுவர். களத்தில் தனித்து நின்ற அவர் வெண்கலத்தோடு திரும்பினார்.

கராடு புகைவண்டி நிலையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் அவரை எதிர்கொண்டன. கால் மணி நேர வழியைக் கடக்க ஏழு மணி நேரம் ஆயிற்றாம். கொண்டாட்டம் ஓய்ந்தபின் அவர் செய்த செயலே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கோலாப்பூரில் மற்போர்ப் போட்டிகள் நடத்திப் பணம் ஈட்டி, முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். பதக்கத்தைக் காட்டி எவரிடமும் அவர் கையேந்தவில்லை.

1955இல் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் செல்ல இயலவில்லை. குடும்பத்தைத் தாங்கிய தந்தையாய், ஏறத்தாழ 27 ஆண்டுகள் பணியாற்றினார். பதவி உயர்வு அவரிடம் மெல்லவே வந்தது. ஓய்வை நெருங்கியபோதுதான் உதவி ஆணையரானார். ஓய்வூதியத்திற்கும் அவர் போராட வேண்டியிருந்தது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டு விழாவில் சுடர் ஏந்தும் சிறப்பு மட்டும் அவருக்கு வாய்த்தது.

1984ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 14ஆம் நாள் சாலை விபத்தில் காஷாபா உயிர் நீத்தார். அவர் வாழ்ந்த காலத்தில் பத்ம விருது எதனையும் அரசு வழங்கவில்லை. அருச்சுனா விருது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. 2010இல் தில்லிக் காமன்வெல்த்து விளையாட்டின்போது மற்போர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தந்தைக்கு உரிய பெருமையை நாடு அளிக்க வேண்டும் என்று அவர்தம் மகன் பல்லாண்டுகளாக அரசின் கதவைத் தட்டி வந்தார். தாதாசாகேப் மகனுக்குச் செய்ததை, ஒரு தலைமுறை கடந்து, அம்மகனின் மகன் தந்தைக்குச் செய்தார்.