டஸ்கிகியின் செங்கல்லும் வாக்குச்சீட்டும்



முதலில் கையில் காசு சேரட்டும், அரசியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதனாலேயே அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை எனக்குப் பிடித்துப்போனது. அவர் வாழ்க்கையை முழுசாகப் படித்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் விடுதலை கிடைத்தது. உப்புக் காய்ச்சும் ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். 1872இல் ஏறக்குறைய 500 மைல் பயணம் செய்து ஹாம்ப்டன் பள்ளிக்குப் போனார். அங்கே அவருக்கு வைத்த நுழைவுத் தேர்வு என்ன தெரியுமா? ஓர் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்வதுதான்!

1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகியில் பள்ளி தொடங்கினார். மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். மூன்று சூளைகள் வீணாயின. தன் கடிகாரத்தை அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். அது பலித்தது. தொழில் கற்றுப் பொருள் சேர்த்தால் உரிமை தானே வரும் என்று 1895இல் அட்லாண்டாவில் பேசினார். 1900இல் கறுப்பின வணிகர்களுக்குச் சங்கமும் அமைத்தார்.

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். அந்தப் பள்ளிக்கு அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. லூயிஸ் ஆடம்ஸ் என்ற தகரத் தொழிலாளி, அவரும் முன்னாள் அடிமை, கறுப்பினத்தவரின் வாக்குக்கு ஈடாக ஒரு வெள்ளை வேட்பாளரிடம் கேட்டு வாங்கிய பள்ளி அது.

1901இல் அலபாமா புது அரசியல் சட்டம் போட்டு, வாக்குவரி, எழுத்தறிவு என்று பல தடைகள் வைத்தது. பெரும்பாலான கறுப்பினத்தவர் வாக்குரிமை இழந்தார்கள். வெளியே அமைதியாக இருந்த வாஷிங்டன், அதை எதிர்த்த வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். 1903இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தோற்றது. 1915இல் அவர் காலமானார்.

1957இல் டஸ்கிகியில் படித்த, வசதியான கறுப்பினக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அதிகாரிகள் நகர எல்லையையே 28 பக்க உருவமாக மாற்றி வரைந்து, கிட்டத்தட்ட எல்லாக் கறுப்பின வாக்காளர்களையும் வெளியே தள்ளினார்கள். படிப்பும் பணமும் காப்பாற்றவில்லை. வழக்குப் போட்டு, 1960இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்துத்தான் மீண்டார்கள்.

தொழில் கற்கச் சொன்னதில் வாஷிங்டன் தப்புச் செய்யவில்லை. வாக்கு காத்திருக்கலாம் என்றதுதான் தப்பு. அது அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. தொழிலையும் கற்போம், தம்பி தங்கைகளே. வாக்கையும் விடாமல் பிடித்துக்கொள்வோம்.