பூமியின் நாடி பார்த்தவர்: றிச்சட் டிக்சன் ஓல்டாம்

1897 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி மாலை, ஐந்து மணி கடந்து சிறிது நேரத்தில் இந்தியாவின் வடகிழக்கே அசாம் பிரதேசம் குலுங்கியது. ஷில்லோங் நகரில் கல்லாற் கட்டிய வீடுகள் நொடிப்பொழுதில் இடிந்து தரைமட்டமாகின. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். பலர் வெளியே நின்ற நேரமாதலால் இழப்பு அந்த அளவோடு நின்றது. இந்தப் பேரழிவை ஆராயும் பொறுப்பு றிச்சட் டிக்சன் ஓல்டாமிடம் வந்தது.

ஓல்டாம் 1858 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தை தோமஸ் ஓல்டாம் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் முதல் தலைவர். மகனும் 1879 இல் அதே திணைக்களத்தில் இணைந்தார். தந்தை காலமாகும்போது முடிக்காமல் விட்ட இந்தியப் பூமியதிர்ச்சிகள் பற்றிய நூற்பணியை மகனே செப்பனிட்டு வெளியிட்டார்.

அசாம் நடுக்கத்தின் பின் அவர் பிளவுண்ட நிலத்தையும் இடம்பெயர்ந்த கற்களையும் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. பல்லாயிரம் கிலோமீற்றர் அப்பால், இத்தாலி முதலிய நாடுகளில் இருந்த பதிகருவிகளும் அதே அதிர்வைக் கோடுகளாக வரைந்திருந்தன. அந்தக் கோடுகளை அவர் பொறுமையோடு ஒப்பிட்டார். ஒரே நடுக்கம் மூன்று தடவைகளாக வந்து சேர்ந்திருப்பது தெரிந்தது. 1899 இல் வெளிவந்த அவரது அறிக்கை மூன்று வகை அலைகளைப் பிரித்துக் காட்டியது.

முதலில் வருவது முதன்மை அலை. இது நெட்டாங்கு அலை. சுருள்வில்லின் ஒரு நுனியைத் தள்ளினால் நெருக்கம் முன்னோக்கி ஓடுவதுபோல, பாறையை அமுக்கியும் தளர்த்தியும் செல்லும். அடுத்தது துணை அலை. இது குறுக்கலை, கட்டிய கயிற்றை உதறினாற்போல் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும். திரவத்தினூடாக இது செல்லாது. கடைசியில் வருவது மேற்பரப்பு அலை. இது நிலத்தின் மேற்பகுதியைப் பற்றிச் செல்வது. மெதுவானது, ஆனால் கட்டடங்களுக்குப் பெரும் சேதம் செய்வது.

மேலோட்டுப் பாறையில் முதன்மை அலை செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றரும் துணை அலை 3.5 கிலோமீற்றரும் செல்லும். ஆகவே 80 கிலோமீற்றர் தொலைவில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 செக்கன் இடைவெளி உண்டாகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நேரத்தை எண்ணி மழைமுகில் எவ்வளவு தூரம் என்று சொல்வதுபோல, இந்த இடைவெளியைக் கொண்டு நடுக்கம் நிகழ்ந்த தூரத்தைக் கணிக்கலாம்.

உடல்நலம் குன்றிய ஓல்டாம் 1903 இல் இந்தியப் பணியை விட்டு நாடு திரும்பினார். ஆராய்ச்சி நிற்கவில்லை. பூமியின் மறுபக்கத்தை அடையும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதிப்பதைக் கண்டு, பூமியின் நடுவே வேறு இயல்புடைய அகணி ஒன்று உண்டு என 1906 இல் நிறுவினார். எவரும் சென்று பார்க்க முடியாத ஆழத்தை அவர் அலைகளைக் கொண்டே அறிந்தார். அந்த அகணியின் வெளிப்பகுதி திரவம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1936 இல் ஓல்டாம் வேல்ஸ் நாட்டில் மறைந்தார். அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்னும் பெண் அறிஞர், அந்த அகணிக்குள்ளும் ஓர் உள்ளகணி இருப்பதை இவ்வலைகளைக் கொண்டே வெளிப்படுத்தினார்.

இவை எங்களுக்குத் தொலைவான செய்திகள் அல்ல. 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவில் எழுந்த நடுக்க அலைகள் சில நிமிடங்களில் இலங்கையைக் கடந்தன. கடல் அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு இல்லாமையால் அந்த இரண்டு மணித்தியாலமும் வீணாயிற்று. வடமராட்சி கிழக்கு உட்பட எங்கள் கரையோரங்கள் இழந்த உயிர்களை நாம் அறிவோம்.

மாணவிகளே, ஓல்டாம் பிறர் பதிந்த கோடுகளைத்தான் படித்தார். ஆனால் கவனமாகப் படித்தார். அலைகள் செய்தியை முன்னரே கொண்டுவருகின்றன. அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் உரிய நேரத்தில் ஊருக்குச் சொல்பவர்களும் எங்களிடையே இருக்க வேண்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுள் அத்தகைய ஒருத்தி இருக்கக்கூடும்.